முகூர்த்தத்துக்குள் எட்டு பேட்டரி: கேமரா சார்ஜர் வாங்க முழுமையான வழிகாட்டி

கொங்குப் பக்கத்துக் கல்யாணத்துக்குக் கேமரா தூக்குகிறவர்களுக்குக் கணக்கு தெரியும். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அடுத்து வரவேற்பு. கடைசிப் பந்தி எழுந்திருக்க ராத்திரி 11 ஆகிவிடும். முகூர்த்தம் காலை 6 மணிக்குள் என்றால் மணப்பெண் அலங்காரத்தை எடுக்க 4 மணிக்குக் கேமரா கையில் இருக்க வேண்டும். அதன்பின் இணைச்சீர் (மாப்பிள்ளையும் சகோதரியும் சேர்ந்த சடங்கு), மங்கல வாழ்த்து என்று வரிசையாக வரும். மங்கல வாழ்த்தை முழுதாகப் பாடினால் நீளம். நடுவே பேட்டரி மாற்ற நிறுத்தினால் வீடியோவில் பாட்டு அறுந்துபோகும்.

ஆக, தீர்ந்த பேட்டரிகளை நிரப்பக் கிடைப்பது நாலரை, ஐந்து மணி நேரம்தான். சார்ஜர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது எத்தனை பேட்டரி சொருகலாம் என்பதை. நாம் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே எத்தனை வாட் போகிறது என்பதை. 5 வாட் போகிற சார்ஜரில் பத்துக் குழி இருந்தாலும் வேலைக்கு ஆகாது.

முதலில் உங்கள் பையை எண்ணுங்கள்

பேட்டரியின் முதுகில் வாட் ஹவர் என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும்; உள்ளே எவ்வளவு மின்சக்தி அடங்கும் என்பது அது. மில்லி ஆம்பியரை விட்டுவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். சோனி என்பி-எஃப்இசட்100 என்றால் 16.4. கேனான் எல்பி-இ6என்ஹெச், நிக்கான் இஎன்-இஎல்15சி, ஃபியூஜி என்பி-டபிள்யூ235 மூன்றும் 16. பழைய எல்பி-இ6என் 14. சோனியின் சின்ன எஃப்டபிள்யூ50 ஏழேகால்தான்.

இரண்டு பேர் போகிற குழுவில் ஒரு வீடியோ, ஒரு ஸ்டில், கூடவே ஒரு கிம்பல் (ஆட்டம் தெரியாமல் எடுக்க உதவும் பிடி) கேமரா என்று வையுங்கள். 4கே வீடியோவில் எஃப்இசட்100 ஒன்று ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தாங்கும். அந்தக் கணக்கில் முதல் நாள் சாயங்காலத்துக்கே எட்டு பேட்டரி போய்விடும். எட்டு பெருக்கல் 16.4, ஏறத்தாழ 131 வாட் ஹவர்.

இதை ஒன்றரையால் பெருக்கி, கையில் இருக்கும் மணி நேரத்தால் வகுங்கள். வருவதுதான் உங்களுக்கு வேண்டிய அடாப்டரின் (சுவர் பிளக்கில் மாட்டிச் சார்ஜருக்குக் கரண்ட் தருவது) வாட். 131 பெருக்கல் 1.5 என்றால் 197. அதை நாலரை மணியால் வகுத்தால் 44. ஆக, 45 வாட் அடாப்டருக்குக் குறைந்து எதுவும் உங்களுக்கு உதவாது.

ஒன்றரை எதற்கு? சார்ஜருக்குள் மின்னழுத்தத்தை மாற்றும்போது 15 முதல் 20 சதவீதம் சூடாகவே போய்விடும். மீதி, லித்தியம் பேட்டரியின் குணம். முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு கிடுகிடுவென்று ஏறும். 80 சதவீதம் வாக்கில் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். கடைசி 20 சதவீதத்துக்கே மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிலதில் இன்னும் எச்சு பிடிக்கும். நேரம் இல்லாத ராத்திரியில் ஒரு பேட்டரியை நூறுக்குக் கொண்டுபோகக் காத்திருப்பதைவிட இரண்டை எண்பதில் கழற்றுவது லாபம்.

லேபிளைப் படிக்கும் விதம்

சார்ஜரைத் திருப்பினால் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை நம்பாமல் இந்த இரண்டு வரியை மட்டும் படியுங்கள்.

உள்வரவு 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று மட்டும் போட்டிருந்தால் அது 10 வாட் சார்ஜர். சேதாரம் போக பேட்டரிக்குப் போவது எட்டரை வாட். இரட்டைச் சார்ஜர் என்றால் ஒவ்வொன்றுக்கும் நாலேகால். எஃப்இசட்100 இரண்டு நிரம்ப நாலரை மணி நேரம் ஆகும். அதே 10 வாட்டை நான்கு குழிக்குப் பிரித்தால் ஒன்பது மணி நேரம். ராத்திரி 11 மணிக்குப் போட்டால் காலை டிபன் பந்தி முடிகிறபோது நிரம்பியிருக்கும்!

உள்வரவில் 9 வோல்ட் 2 ஆம்பியர், அல்லது 9 வோல்ட் 3 ஆம்பியர் என்று இன்னொரு வரியும் இருந்தால் அது பெரும்பாலும் பவர் டெலிவரி, சுருக்கமாகப் பிடி (அடாப்டரோடு பேசி 5 வோல்ட்டுக்கு மேல் கேட்டு வாங்கும் முறை), தெரிந்த சார்ஜராக இருக்கும். 18, 27 வாட் வரை இழுக்கும். இரட்டைச் சார்ஜருக்கு 18 வாட் குறைந்தபட்சம். நான்கு குழிக்கு 40 வாட்டுக்குக் குறையக் கூடாது.

அடுத்தது வெளியீட்டு வரி. 8.4 வோல்ட் என்பது சரியான எண்: உள்ளே தொடராக இரண்டு செல், ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிரம்பும். அதன் பின்னால் வரும் ஆம்பியரில்தான் ஏமாற்று. ‘8.4 வோல்ட் 1 ஆம்பியர்’ என்று போட்டிருந்தால், அது ஒரு பேட்டரி மட்டும் போடும்போதா, இரண்டும் போடும்போதா என்று பாருங்கள். ‘500 மில்லி ஆம்பியர் பெருக்கல் 2’ என்று தெளிவாகப் போடுகிறவன் யோக்கியன். போடாதவனுடையதை இரண்டால் வகுத்தே கணக்கு வையுங்கள்.

எச்சான ஆம்பியரும் எல்லாப் பேட்டரிக்கும் நல்லதல்ல. 2,280 மில்லி ஆம்பியர் ஹவர் உள்ள எஃப்இசட்100 ஒன்றரை ஆம்பியரைச் சாதாரணமாக வாங்கும். 1,020 உள்ள எஃப்டபிள்யூ50க்கோ 1,040 உள்ள கேனான் எல்பி-இ17க்கோ அதே ஒன்றரை ஆம்பியர் கொடுத்தால் சூடேறி ஆயுசு குறையும். தட்டு மாற்றி எல்லாப் பேட்டரிக்கும் பயன்படுத்தும் சார்ஜர்களில் இந்தத் தவறு நிறைய நடக்கிறது. பேட்டரியின் ஆம்பியர் ஹவர் எவ்வளவோ அதில் முக்கால் பங்கு ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை.

அடாப்டரில் ஐஎஸ்ஐ குறியீடு மாதிரியே ஒரு பதிவு முத்திரை இருக்க வேண்டும். இந்தியாவில் அடாப்டருக்கும் பேட்டரிக்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற எழுத்தும் ஒரு கோடும் எட்டு இலக்கமும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய பதிவு என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

நான்கு குழி ஒன்றா, இரண்டு குழி இரண்டா?

எங்கள் பரிந்துரை இரண்டு குழிச் சார்ஜர் இரண்டு. பையில் கொஞ்சம் இடம் கூடுதலாகப் பிடிக்கும், காசும் சற்று எச்சு. ஆனால் ராத்திரி ஒன்று புகைந்தால் மற்றொன்று இருக்கும். மண்டப அறையில் பிளக் பாயிண்ட் இரண்டு மூலையில் ஒவ்வொன்று என்று இருந்தாலும் பிரித்துப் போடலாம். நான்கு குழிச் சார்ஜர் ஸ்டுடியோ மேசைக்குச் சரி. அங்கேயிருந்து அது நகர வேண்டியதில்லை.

எட்டு பேட்டரி வைத்திருப்பவர் நான்கு குழி ஒன்றை வாங்கி இரண்டு தவணையாகப் போடலாம் என்று நினைப்பார். நல்ல 45 வாட் சார்ஜரில் ஒரு தவணைக்கு இரண்டேகால் மணி நேரம். இரண்டு தவணைக்கு நாலரை. நம்மிடம் இருப்பதும் அதே நாலரைதான், கொஞ்சமும் மிஞ்சாது. அதோடு நடுராத்திரி 2 மணிக்கு ஒருவர் எழுந்து மாற்ற வேண்டும்; பந்தி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார் என்று வைத்தே திட்டம் போடுங்கள். எட்டும் ஒரே நேரத்தில் ஏறுகிற மாதிரி குழிகளைச் சேர்ப்பதுதான் வழி.

அதற்கு இரண்டு குழி நான்கு வாங்கத் தேவையில்லை. இரண்டு குழி இரண்டு, கேமராவோடு வந்த ஒற்றைச் சார்ஜர் ஒன்று, மீதி மூன்று பேட்டரியைக் கேமராக்களுக்குள்ளேயே போட்டு யுஎஸ்பி-சி வழியாக ஏற்றலாம். புது மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் இதைச் செய்யும். சிலவற்றுக்குப் பிடி அடாப்டர் இருந்தால்தான் ஏறும், சாதாரணப் போன் அடாப்டரில் விளக்கே எரியாது. வீட்டில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். கேமராவை அணைத்து வைத்தால்தான் முழு வேகத்தில் ஏறும்.

இன்னொன்று. சில சார்ஜர்களில் குழி நான்கு இருக்கும், ஏறுவது ஒவ்வொன்றாகத்தான். டிஜேஐ மினி ட்ரோன்கள் பலவற்றின் சார்ஜிங் ஹப் அப்படித்தான் வேலை செய்யும். எதில் சார்ஜ் எச்சாக இருக்கிறதோ அதை முதலில் நிரப்பும். ட்ரோனுக்கு அது புத்திசாலித்தனம், ஒன்றாவது சீக்கிரம் தயாராகும். கேமராச் சார்ஜரில் அப்படி இருந்தால் ராத்திரிக் கணக்கு முழுதும் கவிழ்ந்துவிடும். முற்றிலும் தீர்ந்த பேட்டரிகளைச் சொருகி, எல்லாக் குழியிலும் ஏறுகிற அடையாளம் வருகிறதா என்று பாருங்கள்.

ஊசிகளை எண்ணுங்கள்

பேட்டரியின் முனையில் மூன்று, நான்கு உலோகத் தகடுகள் இருக்கும். பிளஸ், மைனஸ் போக ஒன்று உள்ளே இருக்கும் வெப்ப உணரிக்கானது. மற்றது கேமராவோடு பேசுவதற்கு. சார்ஜரின் குழியில் இரண்டே ஊசி இருந்தால் அதற்குப் பேட்டரியின் சூடு தெரியாது. கொதிக்கும் பேட்டரிக்கும் அதே வேகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும். மூன்று ஊசியாவது இருக்கும் சார்ஜரையே எடுங்கள்.

நம் பக்கத்து வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை, வைகாசியில் கரூர் பரமத்தியிலும் ஈரோட்டிலும் வெளியே 40 டிகிரியைத் தொடுகிற நாளில், தகரக் கூரை போட்ட மண்டப அறையில் மதியம் பேட்டரி தானாகவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும். நல்ல சார்ஜர் மினுக்கி மினுக்கி நிற்கும். பழுது என்று நினைக்காதீர்கள், ஆறட்டும் என்று காத்திருக்கிறது. கேமராவிலிருந்து கழற்றிய சூட்டோடு பேட்டரியைச் சொருகாமல் கால் மணி நேரம் டைல்ஸ் தரையில் வைத்துவிட்டுப் போடுங்கள். ஏசி காரில் வைத்து ஏற்றுவது இன்னும் நல்லது.

ஊட்டியில் டிசம்பர் விடியலில் அவுட்டோர் எடுப்பவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். உறைபனியில் நின்ற பேட்டரியை அறைக்குள் கொண்டுவந்து, தொட்டால் சில்லென்று இல்லாத வரைக்கும் பொறுத்து, பிறகு போடுங்கள்.

அடாப்டரும் கேபிளும்

சார்ஜர் நன்றாக இருந்தும் ஏறவில்லை என்றால் பல தடவை குற்றவாளி கேபிள்தான். மெல்லிசான, நீளமான கேபிளில் மின்னழுத்தம் இறங்கிவிடும். ஒரு மீட்டருக்குள் தடிமனான கேபிள் எடுங்கள்.

மலிவான சில சார்ஜர்களில் யுஎஸ்பி-சி வாய் இருந்தாலும் இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் உயிரே வராது. உள்ளே அடையாளம் காட்ட வேண்டிய இரண்டு ரெசிஸ்டரைக் காசு மிச்சம் என்று விட்டிருப்பார்கள். ஒரு பக்கம் பழைய செவ்வக முனை (யுஎஸ்பி-ஏ) உள்ள கேபிளைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் 5 வோல்ட்தான் போகும். அந்த ரகத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

65 வாட், மூன்று வாய் உள்ள அடாப்டர் வாங்கினால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டாவது வாயில் எதையாவது சொருகினதும் வாட்டை 45, 20 என்று பிரித்துக்கொள்ளும். அந்த நொடியில் எல்லா இணைப்பும் ஒரு முறை அறுந்து மறுபடி வரும். சில சார்ஜர்கள் மறுபடி தானாக ஆரம்பிக்காது. அதனால் போனை அதே அடாப்டரில் போடாதீர்கள். போனுக்கென்று தனி அடாப்டர் வையுங்கள்.

மண்டபத்துக் கரண்ட்

அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கரண்ட் குறைந்து 170 வந்தாலும் ஒன்றும் ஆகாது. எகிறினால்தான் ஆபத்து. மும்முனை இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 இருக்க வேண்டிய பாயிண்டில் 400 வோல்ட் வரை வரலாம். சீரியல் செட், ஏசி, கிரைண்டர் என்று பாரம் ஏறுகிற மண்டபத்தில் இது நடக்கும். திடீரென்று லைட் எல்லாம் பளீரென்று எரிந்தாலோ, ஒரு பக்கம் மங்கி ஒரு பக்கம் பிரகாசமானாலோ உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். காரணத்தை அப்புறம் விசாரிக்கலாம். சாதாரண ஸ்பைக் கார்டு நொடிப்பொழுது எகிறலுக்குத்தான் உதவும், இதற்குத் தாங்காது. ஜெனரேட்டருக்கு மாற்றும்போதும் திரும்ப மாற்றும்போதும் முடிந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இதைவிடப் பெரிய ரோதனை மனிதர்கள். “போன் செத்துப்போச்சுங்க தம்பி, இத ஒரு அஞ்சு நிமிசம் கழட்டிக்கறனுங்க” என்று கேட்டுக் கழற்றுகிறவரை மன்னிக்கலாம். கேட்காமல் கழற்றிவிட்டுப் படுத்துத் தூங்குகிறவர்தான் எச்சு. ஆறு வாய் உள்ள ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் இரண்டு வாயைச் சும்மா விட்டு ஒரு போன் கேபிளையும் தொங்கவிடுங்கள். யாரும் உங்கள் சார்ஜரைத் தொட மாட்டார்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். மணப்பெண் அறையில் சேலைக் கட்டு, சீர்த்தட்டு, மெத்தை என்று எல்லாம் பற்றிக்கொள்ளும் பொருள். வெறும் தரையில், சுவரோரம், மேலே துணி விழாத இடத்தில் வையுங்கள். பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுச் சார்ஜ் செய்யவே கூடாது.

கரண்ட் இல்லாத இடத்தில்

கோயில் கல்யாணம், தோட்டத்து வீட்டு விசேஷம், டாப்ஸ்லிப் பக்கம் அவுட்டோர் என்றால் காரும் பவர் பேங்கும்தான். காரின் 12 வோல்ட் வாயில் 45 வாட்டுக்கு மேல் தரும் பிடி சார்ஜர் போட்டால் இரட்டைச் சார்ஜர் இரண்டு ஓடும். இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி மறுபடி இறக்குவது வீண் சேதாரம். பல வண்டிகளில் சாவி போட்டால்தான் அந்த வாயில் கரண்ட் வரும் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் என்பது உள்ளே 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் ஹவர். பவர் பேங்கில் ஒரு சேதாரம், சார்ஜரில் ஒரு சேதாரம் போக மிஞ்சுவது 53 வாக்கில். எஃப்இசட்100 மூன்று நிரம்பும். நான்காவதை எதிர்பார்க்காதீர்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கேட்லாக் எடுப்பவர்களுக்கு இந்த அலைச்சலே வேண்டாம். நாள் முழுக்க ஒரே இடத்தில் கேமரா நிற்கிறது. டம்மி பேட்டரி (பேட்டரி வடிவில் இருக்கும், பின்னால் வயர் வரும்) ஒன்றை வாங்கி நேரடியாகக் கரண்டில் ஓட்டுங்கள்.

வாங்கி வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை

சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி மீட்டர் கிடைக்கும். அடாப்டருக்கும் சார்ஜருக்கும் நடுவில் மாட்டி, தீர்ந்த பேட்டரி எல்லாவற்றையும் சொருகுங்கள். பத்து நிமிடம் கழித்து மீட்டர் காட்டும் வாட், லேபிளில் சொன்னதில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

நிரம்பியதும் பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் வைத்து, மல்டிமீட்டரில் பிளஸ் மைனஸ் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். 8.3க்கும் 8.4க்கும் நடுவே இருந்தால் நல்ல சார்ஜர். 8.2க்குக் கீழே என்றால் அரைகுறையாக நிறுத்துகிறது, அல்லது பேட்டரி கிழடு. 8.45ஐத் தாண்டினால் அந்தச் சார்ஜரை அன்றோடு விட்டுவிடுங்கள்.

கம்பெனி அல்லாத பேட்டரி வாங்கினால் தராசையும் பயன்படுத்தலாம். அசல் எஃப்இசட்100 சுமார் 83 கிராம். அதைவிட நன்றாகக் குறைந்த எடையில் ‘2,600’ என்று ஒட்டியிருந்தால் உள்ளே அவ்வளவு சரக்கு இல்லை.

ஏறாத பேட்டரி

விளக்கு வேகமாக மினுக்கினால் முதலில் தகடுகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள்; சந்தனமும் குங்குமமும் பட்ட விரல் அங்கே போயிருக்கும். பல மாதம் சும்மா கிடந்த பேட்டரி ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் நல்ல சார்ஜர் மெதுவாகக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் வேகம் எடுக்கும். அரை மணி நேரத்தில் எழுந்திருக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வயர் வைத்து நேரடியாகக் கரண்ட் கொடுத்து உயிர் கொடுக்கிற வேலை வேண்டாம். அப்படி எழுப்பின செல்தான் பிறகு வீங்கும். கேமராவுக்குள் போக இறுக்கமாக இருக்கிற பேட்டரி ஏற்கெனவே வீங்க ஆரம்பித்துவிட்டது. அதைச் சார்ஜரில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

ஃபிளாஷுக்கு நிக்கல் ஏஏ செல் போடுபவர்கள் நான்கையும் தனித்தனியாகக் கவனிக்கிற சார்ஜரை வாங்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றும் ரகத்தில் ஒன்று நிரம்பி வழியும், மற்றது பாதியில் நிற்கும். எல்இடி லைட், மானிட்டருக்கான என்பி-எஃப்970 பெரிய சரக்கு. அதற்குத் தனிச் சார்ஜர் வைத்து, கேமராப் பேட்டரி கணக்கோடு கலக்காதீர்கள்.

எல்லாப் பேட்டரிக்கும் மார்க்கரில் எண் போடுங்கள். டேப் ஒட்ட வேண்டாம், கிரிப்பில் சிக்கிக்கொள்ளும். நிரம்பியதைப் பெட்டியில் தகடு கீழே பார்க்கவும், தீர்ந்ததைத் தகடு மேலே பார்க்கவும் வைப்பது என்று குழுவுக்குள் ஒரே வழக்கம் இருந்தால் இருட்டிலும் குழப்பம் வராது.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, பை அலமாரிக்குப் போகும். முழுதாக ஏற்றியும் வைக்காதீர்கள், தீர்ந்தபடியும் வைக்காதீர்கள். பாதிச் சார்ஜில், கேமராவிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் கழற்றி, வீட்டில் எது குளிர்ச்சியான அறையோ அங்கே வையுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாவற்றையும் ஒரு சுற்று ஏற்றி, மீட்டரில் எந்த எண் பேட்டரி எவ்வளவு வாங்கியது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். போன தை மாதத்தைவிடக் கால்வாசி குறைவாக வாங்கின பேட்டரியை வீடியோவுக்குக் கொடுக்காமல் ஸ்டில் கேமராவுக்கு மாற்றிவிடுங்கள்.